ஈ-மெயிலுக்குச் சொந்தக்காரர் யார்? பெயரும், சரக்கும், அரைத்த மில்லும்

"ஈ-மெயிலைக் கண்டுபிடித்தவரே நம்ம முகவூர்க்காரர்தானாமே?" பனவடலிசத்திரம் கடைத்தெருவில் இந்தப் பேச்சு அவ்வப்போது வருவதுண்டு. வரும்போதெல்லாம் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி மார்தட்டும்; மறு கட்சி "எல்லாம் சும்மா" என்று கையை உதறும். முகவூர் நமக்கு வேற்றூர் அல்ல. சங்கரன்கோவிலைத் தாண்டி ராஜபாளையம் பக்கம் போனால், தளவாய்புரத்தை ஒட்டிய ஊர். நைட்டி கொள்முதலுக்குப் போய்வந்த ஜவுளிக்காரர்களுக்கு நன்கு தெரிந்த ஊர்தான். ஆகவே இந்த வழக்கின் உண்மை நிலை என்ன என்பதை நம் வணிகப் பெருமக்களுக்கு விளக்கமாகச் சொல்லிவிடலாம் என்று எண்ணினோம். ஊர்ப் பெருமைக்காக மட்டும் அல்ல. பில் போடும் சாப்ட்வேரும் மின்னஞ்சலும் இல்லாமல் இன்று வியாபாரம் இல்லை என்றாகிவிட்டது. அந்தச் சரக்கில் யாருக்கு எது சொந்தம் என்று தெரியாமல் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

முதலில் ஆளைப் பற்றிச் சொல்லிவிடுவோம். சிவா அய்யாதுரை 1963-ல் பம்பாயில் பிறந்தவர். முகவூரில் சிறுவயதைக் கழித்தவர். ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்கா போய், நியூஜெர்சி மாநிலத்தில் வளர்ந்தார். 1978-ல், அதாவது 14 வயதுப் பள்ளி மாணவராக இருந்தபோது, அங்குள்ள மருத்துவ, பல்மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரு வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அலுவலகத்துக்குள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் காகிதக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் அனுப்பும்படி செய்ய வேண்டும் என்பதே அந்த வேலை. உள்பெட்டி, வெளிப்பெட்டி, கோப்புகள், முகவரிப் புத்தகம், நகல் என்று காகித அலுவலகத்தில் இருந்தவற்றையெல்லாம் போர்ட்ரான் மொழியில் எழுதினார். அந்தப் புரோகிராமுக்கு ஐந்தே எழுத்தில் அவர் வைத்த பெயர்தான் 'ஈமெயில்'. 1982 ஆகஸ்டில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் அதைப் பதிவும் செய்தார். சான்றிதழ் இருக்கிறது. இதுவரை யாருக்கும் சண்டை இல்லை.

2011-ல் 'டைம்' பத்திரிகை இவரை ஈ-மெயிலைக் கண்டுபிடித்தவர் என்று எழுதியது. 2012 பிப்ரவரியில் இவருடைய பழைய தாள்களை வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் வாங்கி வைத்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' அதைச் செய்தியாக்கிற்று. உடனே அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வலைப்பின்னலில் வேலை செய்த முதியவர்கள் பலர் எழுந்து, "இதற்குப் பல வருடம் முன்பே நாங்கள் மடல் அனுப்பிக்கொண்டிருந்தோமே" என்றார்கள். பத்திரிகை தன் செய்தியைத் திருத்த வேண்டியதாயிற்று. அருங்காட்சியகமும் விளக்க அறிக்கை விட்டது.

அந்த முதியவர்கள் காட்டிய கணக்குப் புத்தகத்தையும் பார்ப்போம். 1965-ல் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் டாம் வான் விளெக், நோயல் மோரிஸ் என்ற இருவர் 'மெயில்' என்று ஒரு கட்டளையை எழுதினார்கள். ஒரே பெரிய கம்ப்யூட்டரைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்திய காலம் அது. ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் தன் கணக்கைத் திறந்து படிக்கலாம். 1971-ல் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்கு மடல் அனுப்பினார். இன்று நம் விசிட்டிங் கார்டில் எல்லாம் அச்சிடும் அந்த '@' குறியை ஆள் பெயருக்கும் கம்ப்யூட்டர் பெயருக்கும் நடுவில் போட்டவர் அவரே. 2016 மார்ச்சில் காலமானார்.

டாம்லின்சன் செய்த காரியத்தை வியாபாரிகள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை. ஒரே கம்ப்யூட்டருக்குள் மடல் வைக்கும் புரோகிராம் ஒன்று ஏற்கனவே இருந்தது. கம்ப்யூட்டர்களுக்கு இடையே கோப்பைக் கடத்தும் புரோகிராம் வேறொன்று இருந்தது. இரண்டையும் ஒட்டினார், அவ்வளவுதான். அந்த ஒட்டில்தான் உலகமே மாறிற்று. அடுத்த வருடம் லாரி ராபர்ட்ஸ் என்பவர் வந்த மடல்களைப் பட்டியலிட்டுக் காட்டும் ஒரு புரோகிராம் எழுதினார். அதை எடுத்து இன்னொருவர் திருத்தினார். அதையும் எடுத்து வேறொருவர் மேம்படுத்தினார். 1975-ல் ஜான் விட்டல் எழுதியதில் 'பதில்' போடும் வசதி வந்தது. வந்த மடலை மற்றவருக்குத் தள்ளிவிடும் வசதியும் வந்தது. 1977-ல் மடலின் தலைப்பில் அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு பொது விதியை எழுதி வெளியிட்டார்கள். யாரும் யாரிடமும் ராயல்டி கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் தோசைக்கல் வாங்கி, அடுத்த வீட்டில் மாவு வாங்கி, நம் வீட்டில் தோசை சுட்ட கதைதான். தோசை யாருடையது என்று பின்னால் வழக்கு வரும் என அப்போது எவரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

அய்யாதுரை தரப்பின் வாதத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முன்பு இருந்தவை வெறும் செய்திப் பரிமாற்றம். ஓர் அலுவலகத்தின் முழு மடல் ஏற்பாட்டையும் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தது தன் புரோகிராம்தான் என்கிறார் அவர். முன்னோடிகளில் ஒருவரான டேவ் குரோக்கர் 1977 டிசம்பரில் எழுதிய அறிக்கையில், முழு அளவிலான அலுவலக மடல் முறையை உருவாக்க முயலவில்லை என்ற பொருளில் ஒரு வாசகம் வருகிறது. அதை இவர் தரப்பு சாட்சியாகக் காட்டுகிறது. எதிர்த்தரப்போ, அந்த வாசகம் ஒரு குறிப்பிட்ட புரோகிராமைப் பற்றியது, மற்றவர்கள் அதைச் செய்யவில்லை என்பதற்கு அது ஆதாரமாகாது என்கிறது.

வழக்கும் நடந்தது. தன்னைப் பற்றித் தவறாக எழுதியதாக 'காக்கர்' என்ற நிறுவனத்தின் மீது அவர் தொடுத்த வழக்கு 2016 நவம்பரில் 7,50,000 டாலருக்குச் சமரசமாயிற்று. அந்த நிறுவனம் வேறொரு வழக்கில் தோற்று ஏற்கனவே திவாலாகியிருந்தது. திவாலான கடை கொடுக்கும் பைசலை வைத்து யார் பக்கம் நியாயம் என்று சொல்ல முடியாது என்பது நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'டெக்டர்ட்' மீது போட்ட வழக்கை 2017 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிபதி தள்ளுபடி செய்தார். ஈ-மெயில் என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே யார் கண்டுபிடித்தார் என்பது அமையும். ஆகவே அப்படி எழுதியது கருத்துரிமைக்குள் அடங்கும் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே 2019-ல் இரு தரப்பும் சமாதானம் ஆயின. ஆக, "கண்டுபிடித்தவர் இவர்தான்" என்றோ "இவர் இல்லை" என்றோ எந்த நீதிமன்றமும் தீர்ப்பு எழுதவில்லை.

நாம் பார்த்த வரையில், முகவூர்ப் பையன் 14 வயதில் ஒரு முழு மடல் புரோகிராமை எழுதினான் என்பது உண்மை. அது சாமானியக் காரியம் அல்ல. ஆனால் கம்ப்யூட்டர் வழியாக மடல் போவது அதற்கு முன்பே நடந்துவிட்டது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் ஊருக்கு ஒரு குறைவும் இல்லை.

இந்தச் சண்டை ஏன் தீரவில்லை? பெயர், சரக்கு, யோசனை ஆகிய மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியதால்தான் என்று தோன்றுகிறது. பதிப்புரிமை என்பது எழுதிய எழுத்துக்குக் கொடுப்பது. அதன் பின்னுள்ள யோசனைக்கு அது காவல் இல்லை. வைத்த பெயருக்கும் காவல் இல்லை. பெயருக்கு டிரேட் மார்க் என்ற தனிச் சட்டம் உண்டு. நம்மில் ஒருவர் 'அல்வா' என்று தலைப்பிட்டு ஒரு செய்முறைப் புத்தகம் எழுதிப் பதிவு செய்தால், அந்தப் புத்தகத்தை மற்றவர் அச்சடிக்க முடியாது. ஆனால் திருநெல்வேலியில் யாரும் அல்வா கிண்டக்கூடாது என்று சொல்ல முடியுமா? அல்வாவை அவர்தான் கண்டுபிடித்தார் என்று ஆகிவிடுமா? கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் கிடைத்த புவிசார் குறியீடு இன்னொரு வகை. அங்கே பெயர் ஒரு கடைக்குச் சொந்தமில்லை, ஊருக்குச் சொந்தம். மின்னஞ்சலுக்கு அப்படி ஒரு ஊர்ப் பாத்தியதை வாங்கவும் வழியில்லை என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குச் சற்று ஏமாற்றமாக இருக்கலாம்.

இனி, கடைக்காரருக்கு நேரடியாகப் பயன்படும் விஷயத்துக்கு வருவோம். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே மில்லில் அரைத்த மிளகாய்த்தூள் பத்துப் பெயரில், பத்து நிறப் பாக்கெட்டில் நம் கடைக்கே வருகிறது. நாமும் விற்கிறோம். இதில் குற்றம் ஒன்றும் இல்லை, பாக்கெட்டில் சொன்ன எடையும் தரமும் இருந்தால். சாப்ட்வேர் வியாபாரமும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. மின்னஞ்சலை ஊர் ஊராகக் கொண்டு சேர்க்கும் 'சென்ட்மெயில்' என்ற புரோகிராமை அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதினார். எவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார். பல வருடம் உலகத்து மடல்களில் பெரும்பகுதி அதன் வழியாகவே போயிற்று. 1998-ல்தான் அவர் அதை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார். 'யூடோரா' என்று ஒரு மடல் புரோகிராம். 1988-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதியது. குவால்காம் கம்பெனி அதை வாங்கி வருடக்கணக்கில் விற்றது. 2006-ல் சொந்தச் சரக்கை நிறுத்திவிட்டு, அதே பெயரில் தண்டர்பேர்ட் என்ற இலவசப் புரோகிராமின் அடிப்படையில் புதிதாக ஒன்று வரும் என்று அறிவித்தது. பாக்கெட்டில் பழைய பெயர், உள்ளே வேறு மில்லின் தூள். 2018-ல் பழைய யூடோராவின் எழுத்து முழுவதும் கலிபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகத்தின் மூலம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது.

நம் நாட்டுக்காரர் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 ஜூலை 4-ல் தொடங்கிய ஹாட்மெயில் இன்னும் வேடிக்கை. 1997 டிசம்பரில் மைக்ரோசாப்ட் அதை வாங்கிக்கொண்டது. விலை சுமார் 40 கோடி டாலர் என்று அப்போது செய்தி வந்தது. ஆனால் ஹாட்மெயில் ஓடிக்கொண்டிருந்தது 'ப்ரீ பி.எஸ்.டி.' என்ற இலவச அடித்தளத்திலும் சோலாரிஸ் என்ற வேறு கம்பெனிச் சரக்கிலும். விண்டோஸ் விற்கும் கம்பெனி தன் சொந்தக் கடையையே விண்டோஸுக்கு மாற்றிக்கொள்ளச் சில வருடங்கள் ஆயின. தன் மில்லின் மாவை ஊருக்கெல்லாம் விற்றுவிட்டு வீட்டில் அடுத்த மில் மாவில் இட்லி அவித்த முதலாளியை நாம் கேள்விப்பட்டதில்லையா என்ன!

பொதுவில் விட்ட எழுத்து என்றால் எதுவும் செய்யலாம் என்று பொருள் இல்லை. அதற்கும் உரிம நிபந்தனை உண்டு. பி.எஸ்.டி. வகையில், எழுதியவர் பெயரையும் நிபந்தனையையும் கூடவே வைத்தால் போதும், எடுத்து விற்கலாம். ஜி.பி.எல். வகை கொஞ்சம் கறார். அதைத் திருத்தி மற்றவருக்கு விற்றால், திருத்திய மூல எழுத்தையும் வாங்குபவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். "முழுக்க முழுக்க எங்கள் சொந்தத் தயாரிப்பு" என்று மேஜையைத் தட்டுகிற விற்பனையாளரிடம், "இதில் வெளி எழுத்து எவ்வளவு, என்ன உரிமத்தில்?" என்று கேட்டுப் பாருங்கள். உண்மையான ஆள் தயங்காமல் சொல்வார். நம் தென்காசி மாவட்டத்தில் மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவின் ஸ்ரீதர் வேம்பு கூட, தங்கள் சரக்கு லினக்ஸ், போஸ்ட்கிரெஸ் போன்ற பொதுச் சரக்கின் மேல் கட்டியது என்று ஒளிக்காமல் சொன்னவர்தான். அப்படிச் சொன்னதால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை.

பொதுச் சரக்கில் ஒரு ஆபத்தும் உண்டு. மில்லில் கலப்படம் ஆனால் பத்துப் பாக்கெட்டும் கெடும். 1988 நவம்பரில் 'மோரிஸ் புழு' என்ற கிருமி, சென்ட்மெயிலில் இருந்த ஒரு ஓட்டை வழியாகவும் நுழைந்து, அன்றிருந்த வலைப்பின்னலில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிற்று. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை வெளிப்பட்டபோதும் அதே கதை. ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற பூட்டு புரோகிராமைப் பெரிய பெரிய கம்பெனிகள் எல்லாம் எடுத்துப் பயன்படுத்தியிருந்தன. பூட்டில் பழுது என்றதும் ஊரே கதவை மாற்ற வேண்டியதாயிற்று. எனவே விற்பவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, பழுது வந்தால் யார், எத்தனை நாளில் சரிசெய்து தருவது என்பது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டின் 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-ல் செய்த திருத்தத்தால் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பு என்ற கணக்கில் சேர்ந்தது. நம் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக ஒரு புரோகிராம் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, உரிமை முதலாளிக்கு. ஆனால் வெளி ஆளைக் கூப்பிட்டுக் கூலி பேசி எழுதச் சொன்னால் உரிமை அவருக்கே. காசு முழுவதும் நாம் கொடுத்திருந்தாலும், எழுத்து மூலம் உரிமையை மாற்றித் தராத வரை அது நமதாகாது. மாற்றித் தரும் பத்திரத்திலும் எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். கடை வாடகைப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்கிற நாம், இதை மட்டும் வாய்ப்பேச்சில் விட்டுவிடுகிறோம்.

திருட்டு நகல் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். அது திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், 1994-ம் வருடத் திருத்தத்தில் வந்த 63-பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. கடையில் பில் போடுகிறவருக்கு அந்தச் சலுகை பொருந்தாது. "எல்லாரும் அதைத்தானே போட்டிருக்கிறார்கள்" என்று பென் டிரைவில் கொண்டுவந்து போட்டுத்தருகிற தம்பி அப்போது கூட வரமாட்டார்.

இவ்வளவையும் எழுதத் தூண்டியது நம் வட்டாரத்து மளிகை வியாபாரி ஒருவருக்கு நேர்ந்த சங்கடம்தான். நாலு வருடம் முன்பு ஒருவர் வந்து, தானே எழுதியது என்று ஒரு பில் சாப்ட்வேரைக் கொடுத்தார். கடைக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் தொடங்கித் தந்தார். முகவரி கடைப் பெயரில். பாஸ்வேர்டும் அதற்கு ஆதாரமான போன் நம்பரும் அவருடையது. ஜி.எஸ்.டி. பதிவிலும் அதே மின்னஞ்சலையும் நம்பரையும் கொடுத்துவிட்டார்கள். பிற்பாடு ஆள் ஊரை விட்டுப் போனார், நம்பரும் மாறிற்று. கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில் ஓ.டி.பி. எங்கோ போய்க்கொண்டிருந்தது. சாப்ட்வேரைத் திறந்து பார்த்த வேறொரு பையன், அது இலவசமாகக் கிடைக்கும் ஒரு புரோகிராமின் மேல் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியது என்று கண்டு சொன்னான். அண்ணாச்சிக்குக் கோபம் வந்ததைவிட நிம்மதி வந்ததுதான் அதிகம். மூலப் புரோகிராம் பொதுவில் இருந்ததால், பூட்டிக் கிடந்த கணக்கை வெளியே எடுக்க முடிந்தது! உண்மையாகவே அவர் தானே எழுதியிருந்தால் நாலு வருடக் கணக்கும் போயிருக்கும்.

மின்னஞ்சல் விஷயத்தில் அப்படி அதிர்ஷ்டம் கைகொடுக்கவில்லை. முகவரியில் கடைப் பெயர் இருந்ததே தவிர சாவி கடையில் இல்லை. இதற்கு நல்ல உதாரணம் மத்திய அரசாங்கமே. 2025-ல் அதன் சுமார் 12 லட்சம் ஊழியர்களின் மடல்கள் ஜோஹோவின் ஏற்பாட்டுக்கு மாற்றப்பட்ட செய்தி வந்தது. அப்போதும் முகவரியில் அரசாங்கத்தின் பெயர்தான் இருந்தது. மில்லை மாற்றினார்கள், போர்டை மாற்றவில்லை. போர்டு அவர்கள் பெயரில் பதிவானது என்பதால் அது முடிந்தது. நாமும் வருடம் ஒரு சிறு தொகை கட்டி, கடைப் பெயரில் டொமைன் பதிவு செய்து வைத்துக்கொண்டால், நாளைக்கு எந்தக் கம்பெனியின் மெயிலுக்கும் முகவரி மாறாமல் போகலாம். பதிவு செய்யும்போது ரசீதும், கணக்கும், போன் நம்பரும் முதலாளி பெயரில் இருக்கட்டும். போட்டுத்தரும் தம்பி பெயரில் வேண்டாம்.

அந்த மளிகை வியாபாரி கடைசியில் என்ன செய்தார் என்றால், ஆதார், பான், கடைப் பதிவுத் தாள்களை எடுத்துக்கொண்டு தம் எல்லைக்குரிய வரி அதிகாரியிடம் போய் விண்ணப்பம் கொடுத்தார். கையொப்பதாரரின் மின்னஞ்சலையும் போன் நம்பரையும் மாற்றித்தர அவருக்கு அதிகாரம் உண்டு. மூன்று நடை ஆயிற்று. பழைய நம்பர் கையில் இருப்பவர்கள் இந்த அலைச்சல் இல்லாமல், ஜி.எஸ்.டி. தளத்திலேயே பதிவுத் திருத்தம் என்ற பகுதியில் புகுந்து, ஓ.டி.பி. கொடுத்துத் தாங்களே மாற்றிக்கொள்ளலாம். கடையடைத்த பின் கால் மணி நேர வேலை.